ஈர வெப்பமண்டலத்தில் குவிசூரிய வெப்ப நிலையங்கள்: அறிகுறி வழியே பிழை நீக்கும் வழிமுறை

ஆடிகளால் சூரிய ஒளியைக் குவித்து வெப்பமாக்கும் குவிசூரியக் கருவிகளில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் பாலைவெளியையும் ஸ்பெயினின் தென்பகுதியையும் போன்ற வறண்ட, தெளிந்த வானத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றையே கேரளக் கரையோரத்திலும், தமிழகத்தின் கிழக்குக் கரையிலும், இலங்கையின் தென்மேற்கிலும், தாய்லாந்திலும் நிறுவும்போது, விற்பனை அட்டவணையில் அச்சிட்ட திறன் கைக்கு எட்டுவது அரிதாகிறது. ஆனால் இந்தத் தட்பவெப்பத்தில் அவை இயங்கவே முடியாது என்பதும் உண்மையன்று. தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில் 2012-இல் செயல்பாட்டுக்கு வந்த 5 மெகாவாட் பரவளையத் தொட்டி (நீண்ட தொட்டிபோல் வளைந்த ஆடி) நிலையம், இடையில் எண்ணெய் எதுவும் இன்றி, ஆடி ஒளியைக் குவிக்கும் உறிஞ்சுகுழாய்க்குள்ளேயே நீரை நேரடியாக ஆவியாக்கி 330 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் சுழலிக்கு அனுப்புமாறு கட்டப்பட்டது. ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்தின் கூரையில், 15 மீட்டர் விட்டமுள்ள அசையாத ஆடிக் கிண்ணம் ஒன்று சமையலுக்கான நீராவியைத் தருமாறு அமைக்கப்பட்டது; வெயில் போதாத நேரங்களுக்கு டீசல் பாய்லர் துணையாக வைக்கப்பட்டது.

இந்த வழிமுறை, சில நூறு சதுர மீட்டர் முதல் சில ஆயிரம் சதுர மீட்டர் வரை ஆடிப் பரப்புள்ள, தொழிற்சாலைக்கோ பெரிய சமையற்கூடத்துக்கோ நீராவி தரும் பரவளையத் தொட்டிகளையும் கிண்ணம்போல் குழிந்த ஆடிகளான வட்டில்களையும் இயக்குவோருக்காக எழுதப்படுகிறது. மின்சாரம் ஆக்கும் நிலையங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். திறன் குறைந்தவுடன் ஆடியை மாற்றுவதா, குழாயை மாற்றுவதா என்று யோசிக்கத் தொடங்குவது வழக்கம். இழப்பு எந்த இடத்தில் நிகழ்கிறது என்று அளந்து அறியும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஈர நாடுகளில் பழி பெரும்பாலும் தவறான பாகத்தின் மேல் விழுகிறது.

அறிகுறி: வெயில் கொளுத்துகிறது, ஆனால் நீராவி அழுத்தம் ஏறவில்லை

முதலில் வானத்தைச் சோதியுங்கள். கருவியைப் பிறகு பார்க்கலாம். குவிப்பான், சூரிய வட்டிலிலிருந்து நேர்கோட்டில் வரும் கதிர்களை மட்டுமே குவிக்கும். வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் ஒளி நம் தோலைச் சுடும், கண்ணைக் கூசச் செய்யும், சூரிய மின்தகட்டில் மின்சாரமும் தரும். ஆனால் ஆடி அதைக் குழாயின் மேல் கொண்டு சேர்க்காது. காற்றில் ஈரப்பதம் மிகும்போது மிதக்கும் நுண்துகள்கள் நீரை ஈர்த்துப் பருத்து ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. நீராவியோ அகச்சிவப்புப் பகுதியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. புழுக்கமான நாட்களில் வானம் நீலமாக இல்லாமல் வெளுத்துத் தெரிவதற்கு இச்சிதறலே காரணம்.

கிடைத்தளத்தில் வைத்த சாதாரணக் கதிர்வீச்சுமானி 850 வாட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 350 வாட் சிதறல் ஒளியாகவும், சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்திலும் இருந்தால், கிடைத்தளத்தில் விழும் நேரடிப் பங்கு 500 வாட். அதைக் கதிருக்குச் செங்குத்தான தளத்துக்கு மாற்றினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 577 வாட் மட்டுமே கிடைக்கும். இயக்குநர் 850 என்ற எண்ணைக் கொண்டு திறனைக் கணக்கிட்டால், நலமாக உள்ள நிலையமும் நோயுற்றதாகத் தோன்றும். எனவே சூரியனைப் பின்தொடரும் நேரடிக் கதிர்வீச்சுமானி ஒன்று நிலையத்திலேயே இருக்க வேண்டும். அதன் முகக் கண்ணாடியை நாள்தோறும் காலையில் துடைக்க வேண்டும். அழுக்குப் படிந்த மானி, அழுக்குப் படிந்த ஆடிக்கு நற்சான்று கொடுத்துவிடும். மானி வாங்க இயலாத சிறு நிலையங்கள், சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2011 முதல் நாடெங்கும் அமைத்த கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களில் அருகிலுள்ளதன் பதிவுகளைக் கேட்டுப் பெற்று, குறைந்தபட்சம் மாத அளவிலாவது ஒப்பிடலாம். செயற்கைக்கோள் தரவை மட்டும் நம்பிக் கட்டிய திட்டங்கள் பல, தரையில் அளந்தபோது எதிர்பார்த்ததைவிடக் குறைவான நேரடிக் கதிரையே கண்டன.

மானி நல்ல அளவைக் காட்டியும் வெப்பம் வராமல் இருந்தால், அதற்கும் வானமே காரணமாக இருக்கக்கூடும். நேரடிக் கதிர்வீச்சுமானியின் பார்வைக் கோணம் மொத்தம் 5 பாகை. சூரிய வட்டிலின் கோண விட்டமோ அரை பாகையைச் சற்றே தாண்டும். மெல்லிய உயர்முகில் அல்லது ஈரப்புகை உள்ள நாட்களில் சூரியனைச் சுற்றி ஒளிவட்டம் படர்கிறது. அந்த வட்டத்தின் ஒளியை மானி நேரடி ஒளியாகவே எண்ணிவிடும். ஆனால் 5.77 மீட்டர் அகலமுள்ள தொட்டியின் விளிம்பிலிருந்து 70 மில்லிமீட்டர் உறிஞ்சுகுழாயைப் பார்த்தால், மையத்திலிருந்து இருபுறமும் 1 பாகைக்கும் குறைவான விலகலை மட்டுமே அது ஏற்கும். அத்தகைய நாட்களில் கணக்கிட்ட திறன் சில விழுக்காடு குறைவாகத் தெரிவது பிழையன்று. ஒளிவட்டம் இல்லாத, மழை விட்ட மறுநாள் காலை போன்ற தெளிந்த வானத்தில் எடுத்த அளவையே அடிப்படை அளவாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒப்பீடுகள் எல்லாவற்றுக்கும் அதுவே உரைகல்.

வடக்கு தெற்காக அச்சு கொண்ட தொட்டிகளுக்கு இந்த அட்சரேகைகளில் ஓர் ஆறுதல் உண்டு. 11 பாகை வடக்கில், டிசம்பர் நண்பகலிலும் கதிரின் சாய்வு 34 பாகை அளவில்தான் இருக்கும். அதனால் வரும் இழப்பு 18 விழுக்காட்டுக்குள் நிற்கும். 37 பாகை வடக்கிலுள்ள தென்ஸ்பெயினில் அதே நாளில் ஏறத்தாழ பாதி போய்விடும்.

அறிகுறி: காலையில் நீராவி மிகவும் தாமதமாக வருகிறது

ஈர நாடுகளில் ஆண்டு விளைச்சலை அதிகம் தின்பது இந்த ஒன்றுதான் என்று கருதுகிறேன். ஆகவே இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பாலைவனத்தில் ஒரு நாளைக்கு ஒரு முறை சூடேற்றினால் போதும். இங்கோ மேகம் காரணமாக ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ஆறி, மீண்டும் சூடேற வேண்டியிருக்கும்.

நீரும் நீராவியும் சுற்றிவரும் குழாய்களும் கலன்களும் சேர்ந்த உங்கள் சுற்றில் உள்ள எஃகின் எடையையும் நீரின் எடையையும் கணக்கெடுங்கள். 1000 கிலோ எஃகும் 500 கிலோ நீரும் 40 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்கு ஏற வேண்டுமானால், எஃகுக்கு 70 மெகாஜூலும் நீருக்கு 294 மெகாஜூலும் ஆக மொத்தம் 364 மெகாஜூல், அதாவது ஏறத்தாழ 101 கிலோவாட் மணி தேவை. 200 சதுர மீட்டர் ஆடியில் காலை நேர நேரடிக் கதிர் 500 வாட்டாகவும் பயன்திறன் 55 விழுக்காடாகவும் இருந்தால் கிடைப்பது 55 கிலோவாட். குழாய் வழி இழப்பைச் சேர்க்காமலே ஒரு மணி ஐம்பது நிமிடம் வெறும் சூடேற்றலுக்குச் செலவாகிறது. சுற்று 40 டிகிரிக்குப் பதிலாக 110 டிகிரியில் விடிந்தால் இந்த நேரம் சரிபாதியாகும். எனவே மாலையில் நீராவிக் கலனின் வால்வுகளை இறுக அடைத்து, கலனுக்கு மட்டும் காப்புறையை இரட்டிப்பாக்குவது, புதிய ஆடி வாங்குவதைவிடப் பலமடங்கு பயன் தரும். தேவைக்கு மீறிப் பருத்த குழாய்களும் நீண்டு சுற்றிச் செல்லும் இணைப்புகளும் இருந்தால் குறையுங்கள். அவற்றில் தேங்கும் நீர் முழுவதும் நாள்தோறும் இலவசமாகச் சூடாகி வீணாக ஆறுகிறது. அடைத்து வைத்த சுற்று 100 டிகிரிக்குக் கீழ் ஆறினால் உள்ளே வெற்றிடம் உருவாகிக் காற்றை உறிஞ்சும். காற்றிலுள்ள ஆக்சிஜன் குழாயின் உட்புறத்தை அரிக்கும். கசியும் கிளாண்டுகளையும் (தண்டைச் சுற்றிய கசிவடைப்புகள்) வால்வுகளையும் மாற்றுவது இதனால் இரட்டைக் கடமையாகிறது.

தாமதத்துக்கு மற்றொரு காரணம் பனி. மார்கழி, தை மாதங்களில் இரவு முழுவதும் வானத்தை நோக்கிக் கிடந்த ஆடி, காற்றைவிடக் குளிர்ந்து, விடியலில் முழுதும் நனைந்திருக்கும். நனைந்த ஆடி ஒளியைச் சிதறடிக்கிறது. அதைவிட மோசமானது, பனிநீரில் குழைந்த தூசு காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொள்வது. தொட்டியை இரவில் அடிவானத்துக்குக் கீழே, முகம் நிலத்தை நோக்குமாறு திருப்பி நிறுத்துங்கள். கீழே திருப்ப முடியாத வட்டில்களில், பனி காய்வதற்கு முன்பே ரப்பர் விளிம்புள்ள துடைப்பானால் நீரை வழித்துவிடுங்கள்; அன்றைய கழுவலும் அதிலேயே முடிந்துவிடும்.

அறிகுறி: நண்பகலுக்குப் பின் அழுத்தம் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது

நிலம் சூடேறியதும் திரள்முகில்கள் எழுவது வெப்பமண்டலத்தின் அன்றாட ஒழுங்கு. இவற்றை நிறுத்த முடியாது. மேகம் கடக்கும்போது நிலையம் தவறாக நடந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஒளி உணரி கொண்டு சூரியனைத் தேடும் அமைப்பு, மேகத்தின் பிரகாசமான விளிம்பைச் சூரியன் என்று எண்ணி ஆடியைத் திருப்பிவிடும். மேகம் விலகியதும் ஆடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். மீண்டும் தேடிப் பிடிப்பதற்குள் அந்த வெயில் இடைவெளி முடிந்துவிடும். தேதி, நேரம், இடம் ஆகியவற்றிலிருந்து சூரியனின் நிலையைக் கணக்கிட்டுத் திரும்பும் முறைக்கு மாறுங்கள். உணரியைத் தெளிந்த வானில் நுண்திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மறைத்தவுடன் ஆடியைக் குவியத்திலிருந்து விலக்கும் கட்டளை கட்டுப்பாட்டு நிரலில் இருந்தால், அதற்குக் குறைந்தது இருபது முப்பது நிமிடப் பொறுமை கொடுங்கள்.

அடுத்தது நீரோட்டம். குழாய்க்குள்ளேயே நீராவியாக்கும் நிலையங்களில், மேகத்தின்போது பம்பை அறவே நிறுத்திவிட்டு, வெயில் வந்த பிறகு இயக்கினால், நீர் வற்றிய குழாயின் மேல் குவிந்த ஒளி ஒருபுறமாக விழுந்து குழாய் வளையும். கண்ணாடி உறை உடையவும் கூடும். சிறிதளவு சுழற்சியை இடைவிடாமல் வைத்திருங்கள். நீராவியும் நீரும் கலந்து வருவதை ஒரு பிரிகலனில் பிரித்து, நீரை மீண்டும் நுழைவாயிலுக்கே அனுப்பும் சுழல்முறை, ஒரே ஓட்டத்தில் முழுதும் ஆவியாக்கும் முறையைவிட மேகத்தை நன்கு தாங்கும்.

தள்ளாட்டத்தை நுகர்வோர் பக்கத்துக்குத் தெரியாமல் மறைக்க, அழுத்த நீர் நிறைந்த நீராவிச் சேமிப்புக்கலன் ஒன்று போதுமானது. 10 பார் முழு அழுத்தத்தில் 180 டிகிரியில் உள்ள 1000 கிலோ நீரின் அழுத்தத்தை 5 பாராக இறக்கினால் ஏறத்தாழ 60 கிலோ நீராவி தானே பிரிந்து வரும். சமையற்கூடத்துக்கோ சாயப்பட்டறைக்கோ ஒரு மேகம் கடக்கும் நேரத்தைச் சமாளிக்க இந்த அளவிலிருந்து கணக்கிட்டுக் கலனின் கொள்ளளவை முடிவு செய்யலாம். உருகிய நைட்ரேட் உப்பில் வெப்பத்தைச் சேமிக்கும் முறையை இத்தகைய சிறு நிலையங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 60 விழுக்காடு சோடியம் நைட்ரேட்டும் 40 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட்டும் கொண்ட வழக்கமான கலவை 220 முதல் 240 டிகிரிக்குள் உறையத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் அதை உருகிய நிலையில் காக்கவே எரிபொருள் தேவைப்படும்.

அறிகுறி: கழுவியும் ஆடி பழைய பளபளப்புக்குத் திரும்பவில்லை

புதிய வெள்ளிப்பூச்சுக் கண்ணாடி ஆடி சூரிய ஒளியில் 93 விழுக்காட்டை ஒட்டித் திருப்பி அனுப்பும். ஒரே ஆடித்துண்டில் பாதியை மட்டும் தாது நீக்கிய நீரால் நன்கு கழுவி, மறுபாதியுடன் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் பெரும் வேறுபாடு இருந்தால் கழுவும் இடைவெளி நீண்டுவிட்டது என்று பொருள். வேறுபாடு இல்லாமல் இரண்டுமே மங்கலாக இருந்தால், அந்த மங்கலின் தோற்றமே காரணத்தைச் சொல்லும்.

வெண்ணிறத் திட்டுகள் நீர்த்துளி வடிவில் இருந்தால் அது ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு. இனிக் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. நீரையே பயன்படுத்துங்கள். பசுமையோ கருமையோ கலந்த வழவழப்பு, நிழலான கீழ் ஓரங்களில் தொடங்கினால் அது பாசியும் பூஞ்சையும். மென்மையான தூரிகையும் நடுநிலைச் சோப்பும் போதும், தேய்க்கும் தூளும் காரக் கரைசலும் கூடவே கூடாது. விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கருமை பரவினால் பின்பக்கப் பூச்சு பிளந்து வெள்ளி அரிக்கப்படுகிறது. இதற்குக் கழுவல் தீர்வாகாது. அரிப்பு தொடங்கிய துண்டை மாற்றி, மற்றவற்றின் வெட்டு விளிம்புகளுக்கு அடைப்புப் பூச்சு இடுவது ஒன்றே வழி. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் உள்ள இடங்களில், காப்புப் பூச்சு உரிந்த அலுமினியத் தகட்டு ஆடிகளில் ஊசிமுனைக் குழிகள் விழும். அத்தகைய இடங்களுக்குத் தடித்த கண்ணாடியே ஏற்றது.

மழை தானே கழுவிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கொட்டும் மழை கழுவும். தூறல் தூசைச் சேறாக்கிப் பூசும். தூறலுக்கு மறுநாள் அளவீடு கட்டாயம். உறிஞ்சுகுழாயின் கண்ணாடி உறையையும் சேர்த்துக் கழுவ வேண்டும் என்பதைப் பணியாளர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். ஆடியை மட்டும் துடைத்துவிட்டு உறையை விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

அறிகுறி: ஆடி சுத்தம், குவியம் சரி, ஆனாலும் வெப்பம் குறைவு

உறிஞ்சுகுழாயின் கண்ணாடி உறையை அகச்சிவப்பு வெப்பமானியால் வரிசையாக அளந்து செல்லுங்கள். அருகிலுள்ளவற்றைவிட ஓர் உறை மிகச் சூடாக இருந்தால், உள்ளிருக்கும் வெப்பம் வெளியே கசிகிறது. வெற்றிடக் குழாய்களில் பேரியம் பூச்சுப் புள்ளி ஒன்று இருக்கும். அது வெள்ளிநிறம் மாறி வெண்மையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. குழாயை மாற்ற வேண்டும். புள்ளி வெள்ளிநிறத்திலேயே இருந்தும் உறை சுடுமானால், குழாயில் நீருக்குப் பதிலாக வெப்பம் கடத்தும் எண்ணெய் (தெர்மிக் ஆயில்) ஓடும் நிலையங்களில், பழசாகிச் சிதைந்த அந்த எண்ணெயிலிருந்து வெளிப்பட்ட ஹைட்ரஜன் எஃகின் ஊடே கசிந்து வெற்றிடத்துக்குள் சேர்ந்திருக்கலாம். குழாயை மாற்றுவதற்கு முன் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

வெற்றிடமில்லாத சிறு நிலையக் குழாய்களில் நோய் வேறு. பகலில் விரிந்து வெளியேறும் காற்று, இரவில் சுருங்கி ஈரக்காற்றாக உள்ளே திரும்புகிறது. காலையில் உறையின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். இந்த ஈரமே, ஒளியை உறிஞ்சக் குழாயின் மேல் இட்ட கறுப்புக் குரோமியப் பூச்சை ஆண்டுகள் போகப் போகச் சாம்பல் நிறமாக்குகிறது. காற்று புகும் வழியில் சிலிக்கா ஜெல் நிரப்பிய மூச்சுக்குடுவை ஒன்றைப் பொருத்தி, நிறம் மாறும்போதெல்லாம் உலர்த்திப் போடுங்கள். உறையின் தாழ்ந்த முனையில் நீர் வடியச் சிறு துளை இருக்கட்டும்.

அறிகுறி: மழை நின்று வெயில் திரும்பியும் இரண்டு மூன்று நாட்கள் விளைச்சல் குறைவாகவே உள்ளது

இது நனைந்த காப்புறையின் கையெழுத்து. காப்புறையில் நிரப்பும் பாறை இழையான ராக் வூல் உலர்ந்திருக்கும்போது அதன் வெப்பக் கடத்துதிறன் 0.04 அளவில் இருக்க, நீரின் கடத்துதிறன் 0.6, பதினைந்து மடங்கு. அதோடு, குழாயைத் தொட்ட நீர் ஆவியாகி, வெளித்தகட்டில் குளிர்ந்து, மீண்டும் வடிந்து வெப்பத்தை ஓயாமல் கடத்திச் செல்கிறது. காப்புறையை எடைக்குத் தட்டிப் பார்த்தாலே கனம் தெரியும். வெளித்தகட்டின் அடிப்புறத்தை வெப்பமானியால் அளந்தால் நனைந்த பகுதிகள் தனித்துச் சுடும்.

தகட்டின் நீள இணைப்புகளைக் கடிகாரத்தின் நான்கு அல்லது எட்டு மணித் திசையில், மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் கவியுமாறு அமைக்க வேண்டும். தாழ்ந்த இடங்களில் வடிகால் துளைகள் வேண்டும். தாங்கிகளும் வால்வுகளும் தகட்டைத் துளைக்கும் இடங்களே நீர் புகும் வாயில்கள். அவற்றுக்கு வெப்பம் தாங்கும் சிலிக்கோன் இடுங்கள். மாற்றும்போது நீர் ஒட்டாத வகைக் காப்பை வாங்குங்கள். இது வெப்ப இழப்போடு முடிவதில்லை: சாதா எஃகு ஈரக் காப்புறைக்கு அடியில் 50 முதல் 175 டிகிரி வரையிலான எல்லையில் கடுமையாக அரிக்கப்படும், நாள்தோறும் ஏறி இறங்கும் சூரியக் குழாய் அந்த எல்லையை நாளுக்கு இருமுறையேனும் கடக்கிறது. கடலோரத்தில் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகும் பாதுகாப்பன்று. உப்பிலுள்ள குளோரைடு, 60 டிகிரிக்கு மேல் அதில் விரிசல்களை உண்டாக்கும்.

நீராவியைத் தடுத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியேற்ற வேண்டிய ஸ்டீம் டிராப்கள் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், அவையும் இதே போன்ற இழப்பைத் தரும். ஆனால் அவை மழையோடு தொடர்பின்றி எல்லா நாட்களிலும் தரும்.

அறிகுறி: குவியம் குழாயின் ஓரத்தில் விழுகிறது

கிழக்கு மேற்காகத் திரும்பும் தொட்டியில், குழாயின் நிழல் ஆடியின் நடுக்கோட்டின் மேல் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். எல்லா நேரமும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் கோண உணரியின் தொடக்கப்புள்ளி நகர்ந்துள்ளது. காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் விலகினால் பேரிங்கிலோ பல்சக்கரத்திலோ தளர்வு. மழைக்காலத்தில் மட்டும் விலகி, கோடையில் தானே சரியானால், களிமண் நிலம் ஊறித் தூண்கள் சாய்கின்றன. அடித்தளத்தைச் சுற்றி வடிகால் வெட்டாமல் மென்பொருளில் திருத்திக்கொண்டே இருப்பது வீண் வேலை. இடிமின்னல் மிகுந்த மாதங்களுக்கு முன், உணரிக் கம்பிகளுக்கு மின்னெழுச்சிக் காப்பு உள்ளதா என்றும் இணைப்புப் பெட்டிகளுக்குள் நீர் தேங்கியுள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக உள்ளது, ஆனாலும் ஆண்டுக் கணக்கு தேறவில்லை

மின்சாரத்துக்கான குவிசூரிய நிலையங்களுக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 1800 முதல் 2000 கிலோவாட் மணி நேரடிக் கதிர் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். ஈரக் கரையோரங்கள் பல இதை எட்டுவதில்லை. அங்கே வெப்பநிலையைத் தாழ்த்துவதே முதல் தீர்வு. 180 டிகிரி நீராவிக்குப் பதிலாக, பாய்லருக்குள் செல்லும் நீரை 90 டிகிரிக்கு முன்சூடேற்றும் வேலையைச் சூரியனுக்குக் கொடுத்தால், உறிஞ்சுகுழாயின் இழப்பு பெரிதும் குறையும். மங்கலான வெயிலும் பயன்படும். மேகத் தள்ளாட்டத்தைப் பாய்லர் சத்தமின்றி ஏற்றுக்கொள்ளும்.

அதுவும் போதாத இடங்களில், கூர்மையாகக் குவிக்கும் ஆடியையே விட்டுவிடலாம். கூட்டுப் பரவளையக் குவிப்பான் சூரியனைத் துல்லியமாகப் பின்தொடர வேண்டியதில்லை. அதன் குவிப்பு விகிதம் எவ்வளவோ, அதன் தலைகீழ் அளவுக்குச் சிதறல் ஒளியையும் ஏற்கும். ஒன்றரை மடங்கு மட்டுமே குவிக்கும் ஒன்று சிதறல் ஒளியில் மூன்றில் இரு பங்கை உள்ளே எடுத்துக்கொள்கிறது. 26 மடங்கு குவிக்கும் தொட்டி அதில் ஏறக்குறைய எதையும் எடுப்பதில்லை. வெற்றிடக் குழாயின் பின்னால் இத்தகைய ஆடியை வைத்த சேகரிப்பான்கள் 100 டிகிரியைத் தாண்டியும் நன்கு வேலை செய்யும். ஓராண்டு முழுவதும் அளந்த நேரடிக் கதிரும் சிதறல் கதிரும் கையில் இருந்தால், இரண்டு வகையின் விளைச்சலையும் மாதம் மாதமாகக் கணக்கிட்டு, விரிவாக்கத்துக்குத் தொட்டியை வாங்குவதா இதை வாங்குவதா என்று முடிவு செய்துவிடலாம்.